தானாக ரீஸ்டார்ட் ஆகும் சர்வர்: எதையும் மாற்றும் முன், கரண்ட் போனதா என்று கண்டுபிடியுங்கள்

கேள்வி இதுதான். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம். உபுண்டு லினக்ஸ் போட்ட ஒரு டவர் சர்வர், அதில் கணக்கு டேட்டாபேஸும் ஃபைல் ஷேரும் ஓடுகின்றன. இரண்டு மாதமாக வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, எந்த ஒழுங்கும் இல்லாமல், தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ரேம் மாற்றியாயிற்று, ஓஎஸ் புதிதாகப் போட்டாயிற்று, நின்றபாடில்லை. அடுத்து எதை மாற்றிப் பார்ப்பது?

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். காரணம் தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டு போனால் செலவு ஏறும், தடயமும் அழியும். ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டதில் இரண்டு மாத லாக், அதாவது சர்வர் தானே எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பு, முழுவதும் போயிருக்கும். அதில் பாதி பதில் இருந்திருக்கும். பரவாயில்லை, அடுத்த ரீஸ்டார்ட் வரத்தான் போகிறது. அதற்குள் சர்வரைத் தயார் செய்து வைப்போம்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை. டேட்டாபேஸை இன்றைக்கே பேக்கப் எடுத்து வேறு மெஷினில் வைத்து, அதை ஒருமுறை ரெஸ்டோர் செய்தும் பாருங்கள். இப்படித் திடீரென்று விழும் ஒவ்வொரு முறையும், எழுதிக்கொண்டிருந்த டேட்டா பாதியில் அறுபடுகிறது. நல்ல டேட்டாபேஸ் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்தான். ஆனால் நீங்கள் வாரத்துக்கு இரண்டு முறை அதைச் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்து ஒரு நோட்டு. சர்வர் பக்கத்திலேயே கட்டி வையுங்கள். ரீஸ்டார்ட் ஆன தேதி, மணி, அப்போது ஈபி கரண்ட் இருந்ததா, ஜெனரேட்டர் ஓடியதா, ஏசி ஓடியதா, யாராவது அறைக்குள் இருந்தார்களா என்று எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்த கேஸ்களில் பலவற்றை லாக் பிடித்துக் கொடுத்ததைவிட இந்த நோட்டுதான் சீக்கிரம் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு சர்வர் ரீஸ்டார்ட் ஆவதற்கு மூன்றே வழிதான் உண்டு. ஒன்று, யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் அதை ரீஸ்டார்ட் ஆகச் சொல்லியிருக்கிறது. இரண்டு, கரண்ட் இருக்கும்போதே ஓஎஸ்ஸின் மையமான கெர்னலோ ஹார்டுவேரோ விழுந்து எழுந்திருக்கிறது. மூன்று, கரண்டே அறுந்திருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரியாத வரை ரேம், போர்டு, ஓஎஸ் என்று பேசுவதில் அர்த்தமில்லை. தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

யாராவது சொன்னார்களா என்பதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். லாஸ்ட் என்ற கட்டளையை மைனஸ் எக்ஸ் ஆப்ஷனோடு கொடுங்கள். புதியது மேலே வரும் பட்டியல் அது; ஒவ்வொரு ரீபூட் வரிக்கும் கீழே ஒரு ஷட்டவுன் வரி இருந்தால், சர்வர் முறைப்படிதான் இறங்கி ஏறியிருக்கிறது. யாரோ சொல்லித்தான் நடந்திருக்கிறது. ஷட்டவுன் வரியே இல்லாமல் ரீபூட் மட்டும் இருந்தாலோ, லாகின் செய்திருந்தவர்களின் பெயருக்கு எதிரே கிராஷ் என்று இருந்தாலோ, அது விழுந்திருக்கிறது.

முறைப்படி இறங்கியிருந்தால் சந்தேகப்பட வேண்டியவை குறைவுதான். உபுண்டுவின் தானியங்கி அப்டேட்டில் ஆட்டோமேட்டிக் ரீபூட் என்ற அமைப்பை யாராவது ஆன் செய்திருக்கலாம். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளில் பழைய அட்மின் எப்போதோ போட்டு மறந்த ரீபூட் வரி இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஓர் அலுவலகத்தில் விண்டோஸ் சர்வரும் லினக்ஸ் சர்வரும் ஒரே மானிட்டரில் கேவிஎம் ஸ்விட்ச் மூலம் மாறி மாறி வரும்படி வைத்திருந்தார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்த பையன், விண்டோஸில் லாகின் செய்கிற பழக்கத்தில் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துவான். திரையில் அப்போது லினக்ஸ் இருந்தால் அது மறுபேச்சில்லாமல் ரீஸ்டார்ட் ஆகிவிடும். லினக்ஸ் கன்சோலில் அந்த மூன்று கீயின் வேலையே அதுதான். லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் கண்ட்ரோல்-ஆல்ட்-டெல் டார்கெட்டை மாஸ்க் செய்து முடக்கிவிட்டால் இந்தத் தொல்லை போயிற்று. அந்தப் பையன் மேல் தப்பில்லை, யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஷட்டவுன் வரி இல்லை என்றால் அடுத்து, விழுவதற்கு முன் லாக்கில் எழுதப்பட்ட கடைசி வரிகள். சிஸ்டம்டி எழுதும் ஜர்னல் என்ற லாக் ரேமில் மட்டும் இருந்தால் ரீஸ்டார்ட்டோடு போய்விடும். வார் டைரக்டரிக்குள் இருக்கும் லாக் டைரக்டரியில் ஜர்னல் என்று ஒரு டைரக்டரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால்தான் அது டிஸ்க்கில் நிற்கும். இருக்கிறது என்றால் ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையில் போன பூட்டின் கடைசிப் பகுதியைக் கேட்டு வாங்கலாம், மைனஸ் பி மைனஸ் 1 என்று கொடுக்க வேண்டும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் என்றால் அதன் லாக்கையும் திறந்து பாருங்கள். எழும்போது, இடையில் அறுபட்டது, கடைசியாக இந்த மணிக்கு உயிரோடு இருந்தது என்று நேரத்தோடு அதுவே சொல்லும்.

இங்கே பலர் ஏமாந்து போவார்கள். 'லாக்கில் ஒன்றுமே இல்லை' என்று சொல்லி மூடிவிடுவார்கள். ஒன்றுமே இல்லாததும் ஒரு தகவல்தான். 11 மணி 20 நிமிடத்துக்கு ஒரு சாதாரண வரி, அதற்கு அடுத்த வரியில் 11 மணி 23 நிமிடத்துக்குக் கெர்னல் தொடங்கும் செய்தி, நடுவில் ஒரு முனகல்கூட இல்லை என்றால், சாஃப்ட்வேர் தானாகக் கெட்டுப் போனதற்கான வாய்ப்பு குறைகிறது. சாஃப்ட்வேர் கெட்டால் பெரும்பாலும் ஏதாவது எழுதிவிட்டுத்தான் போகும். சில சமயம் சிஸ்லாக் என்ற பழைய வகை லாக் ஃபைலில் அந்த இடத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியும் அட் குறியும் மாறி மாறி வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஃபைலுக்கு இடம் ஒதுக்கப்பட்டு, எழுத வேண்டியது டிஸ்க்குக்குப் போய்ச் சேராமல் அறுந்துபோன தடம் அது.

ஆனால் மௌனத்தை மட்டும் வைத்துக் கரண்ட் மேல் பழி போட முடியாது. சிபியு அளவில் ஹார்டுவேர் கோளாறு வந்தாலும், மெஷின் உறைந்தால் தானாக ரீஸ்டார்ட் செய்யும் வாட்ச்டாக் என்ற டைமர் ரீசெட் அடித்தாலும் அதே மௌனம்தான் இருக்கும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பைசா செலவில்லாதது. ஆனாலும் நிறையப் பேர் இதைச் செய்வதில்லை.

சர்வரில் இருக்கும் டிஸ்க், அது ஹார்டுடிஸ்க்கோ எஸ்எஸ்டியோ, தனக்குக் கரண்ட் போய் வந்த எண்ணிக்கையைத் தானே எண்ணி வைத்திருக்கும். டிஸ்க் தன் நிலையைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் என்ற தகவலில் பவர் சைக்கிள் கவுண்ட் என்று ஒரு எண் இருக்கும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும். அதை நோட்டில் எழுதுங்கள், உதாரணமாக 143. இப்போது நீங்களே ஒருமுறை சாதாரணமாக ரீபூட் செய்யுங்கள். எண் 143லேயே நிற்க வேண்டும், ஏனென்றால் ரீபூட்டில் டிஸ்க்குக்குப் போகும் கரண்ட் நிற்பதில்லை. உங்கள் மெஷினில் அப்படித்தான் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் சர்வர் தானாக விழும் நாளுக்குக் காத்திருங்கள். விழுந்து எழுந்ததும் எண் 143 என்றால் கரண்ட் போகவில்லை. கெர்னல், ரேம், சிபியு, வாட்ச்டாக் பக்கம் தேட வேண்டும். 144 என்றால் டிஸ்க்குக்குக் கரண்ட் நின்றிருக்கிறது. என்விஎம்இ வகை எஸ்எஸ்டியாக இருந்தால் அன்சேஃப் ஷட்டவுன் என்ற எண்ணும் கூடவே ஏறியிருக்கும்.

சர்வரில் பிஎம்சி, அதாவது போர்டிலேயே தனியாக இயங்கிச் சர்வரைக் கண்காணிக்கும் சிறு கம்ப்யூட்டர், இருந்தால் இன்னும் நல்லது. டெல்லில் ஐடிராக், ஹெச்பியில் ஐஎல்ஓ என்று சொல்வது அதைத்தான். சர்வர் அணைந்திருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை பிஎம்சி ஸ்டாண்ட்பை கரண்டில் விழித்திருக்கும். ஆகவே பிஎம்சியும் சேர்ந்து ரீஸ்டார்ட் ஆகியிருந்தால், வெளியிலிருந்து வரும் கரண்டே போயிருக்கிறது. டிஸ்க் எண் ஏறியிருக்கிறது, பிஎம்சி மட்டும் அசையாமல் இருந்திருக்கிறது என்றால், பிளக்கில் கரண்ட் இருந்தும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையின் முக்கிய அவுட்புட் விழுந்திருக்கிறது, அல்லது வாட்ச்டாக் பவர் சைக்கிள் செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பிஎம்சியின் எஸ்இஎல் என்ற நிகழ்வுப் பட்டியலை ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளை கொண்டு எடுத்துப் பாருங்கள்; வாட்ச்டாக், ரேம் பிழை, பவர் சப்ளை எல்லாம் அதில் விழும். பிஎம்சியின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசியில் ஓடும் என்பதை மறந்துவிட வேண்டாம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். 'விழுந்த நேரத்தில் ஒன்றுமே பதிவாகவில்லையே' என்று அதனால்தான் பலருக்குத் தோன்றும்.

பிஎம்சி இல்லாவிட்டால், அதே யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பாருங்கள். சர்வர் விழுந்த அதே நிமிடத்திலிருந்துதான் அதன் அப்டைமும் தொடங்குகிறது என்றால் சர்வர் மேல் குற்றமே இல்லை.

வாரத்துக்கு ஒன்று இரண்டு முறை, எந்த ஒழுங்கும் இல்லாமல், ரேமும் ஓஎஸ்ஸும் மாற்றியும் நிற்கவில்லை என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால், என் முதல் சந்தேகம் கரண்ட் பக்கம்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யுபிஎஸ் இருக்கிறதே, மற்ற கம்ப்யூட்டரெல்லாம் அணையாமல் ஓடுகிறதே என்று கேட்பீர்கள். ஈபி கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுழற்சி 20 மில்லிசெகண்ட். கரண்ட் நின்றதும் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் தேங்கியிருப்பதை வைத்துக்கொண்டு முழு லோடில் சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும். சாதாரண ஆஃப்லைன் யுபிஎஸ் பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லிசெகண்ட் எடுக்கும். புதிய எஸ்எம்பிஎஸ் என்றால் சமாளித்துவிடும். ஐந்தாறு வருடம் வெப்பத்தில் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர் வற்றியிருக்கும், தாங்கும் நேரம் குறைந்திருக்கும். லோடு குறைவான மேசைக் கம்ப்யூட்டர் அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். நாலு டிஸ்க்கோடு வேலை செய்துகொண்டிருக்கும் சர்வர் தாண்டாது. விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும், சர்வர் மட்டும் விழும். சர்வரை வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் பின்பக்கம் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் அது மாறும் நேரம் எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒத்துவராது.

அடுத்தது பேட்டரி. சிறிய யுபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, நம் ஊர் வெயிலில், ஏசி இல்லாத அறையில், இரண்டு மூன்று வருடம் தாங்கினால் பெரிது. மீட்டரை வைத்துச் சும்மா அளந்தால் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று நினைப்பார்கள். லோடு போட்ட மறுகணம் 10.5 வோல்ட்டுக்குக் கீழே சரியும். அது செத்த பேட்டரி. லோடோடு அளந்தால் மட்டுமே உண்மை தெரியும்.

ஒரு கேஸ் சொல்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. எஸ்எம்பிஎஸ் இரண்டு உள்ள நல்ல சர்வர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணியை ஒட்டி விழும். அந்த நேரத்தில் கரண்ட் கட்டும் இல்லை. சம்பளக் கணக்கு போடும் சாஃப்ட்வேர்தான் காரணம் என்று அதை எழுதியவரோடு சண்டையே நடந்துகொண்டிருந்தது. நோட்டில் தேதிகளைப் பார்த்தபோது ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியாக 14 நாள். சம்பளக் கணக்கு அங்கே வாரா வாரம், சனிக்கிழமை. 14 நாளுக்கு ஒருமுறை நடப்பது அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான்: யுபிஎஸ்ஸின் செல்ஃப் டெஸ்ட். பல யுபிஎஸ்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படி அமைக்கப்பட்டிருக்கும். சில விநாடி பேட்டரிக்கு மாறி, பேட்டரி தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பும். இங்கே பேட்டரி தாங்கவில்லை, அதனால் டெஸ்ட்டே கரண்டை அறுத்தது. பேட்டரியை வெளியே எடுக்கப் பார்த்தோம், வரவில்லை. நாலு பக்கமும் ஊதி, தகரப் பெட்டிக்குள் இறுகிப் போயிருந்தது. நெம்பி எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

இரண்டு எஸ்எம்பிஎஸ் இருந்துமா விழுந்தது என்று அந்த முதலாளி கேட்டார். இரண்டின் பவர் கார்டும் ஒரே யுபிஎஸ்ஸின் பின்னால்தான் மாட்டியிருந்தது. இதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். ஒன்றை யுபிஎஸ்ஸிலும் மற்றதை வேறு யுபிஎஸ்ஸிலும் மாட்டுங்கள். வேறு யுபிஎஸ் இல்லாவிட்டால், நல்ல சர்ஜ் பாதுகாப்போடு நேரே ஈபி லைனிலாவது மாட்டுங்கள்.

உங்கள் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மோட்டார், லிஃப்ட், பெரிய ஏசி ஸ்டார்ட் ஆகும் நேரத்திலும் அளக்க வேண்டும். பவர் கார்டு சர்வர் பின்னால் லூசாக இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். அற்பமாகத் தோன்றும், ஆனால் இதுவே காரணமாக இருந்த கேஸ்களும் உண்டு.

டிஸ்க் எண் ஏறவில்லை, கரண்ட் போகவில்லை என்று வந்தால் பாதை வேறு. கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் பேனிக் ஆனால் லினக்ஸ் இயல்பாக அப்படியே உறைந்து நிற்கும். சிஸ்சிடிஎல் கட்டளை காட்டும் கெர்னல் அமைப்புகளில் கெர்னல் பேனிக் என்ற மதிப்பு பூஜ்யமாக இல்லாமல் 10 என்று இருந்தால் பத்து விநாடியில் ரீஸ்டார்ட் ஆகும். அதைப் பூஜ்யம் ஆக்கிவிட்டால் அடுத்த முறை பேனிக் செய்தி திரையிலேயே நிற்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை அலுவலக வேலை நின்றிருக்கும், வாட்ச்டாக் ஆன் ஆகியிருந்தால் அது குறுக்கே வந்து ரீஸ்டார்ட்டும் செய்துவிடும். அதனால் கேடம்ப் என்ற வசதியைப் போட்டு வைப்பதுதான் நான் சொல்லும் வழி. விழும்போது மெமரி நிலவரத்தை வார் டைரக்டரிக்குள் கிராஷ் என்ற இடத்தில் எழுதிவிட்டு ரீஸ்டார்ட் ஆகும். பிஸ்டோர் என்ற டைரக்டரியையும் பாருங்கள். டிஸ்க்குக்கு எழுத முடியாத நேரத்திலும் கடைசி வரிகள் சில அங்கே தங்கியிருக்கும்.

ரேம் மாற்றியதாகச் சொன்னீர்கள். மாற்றிய ரேம் ஈசிசி என்ற பிழை திருத்தும் வகையா? ஈசிசி ரேம் ஒரு பிட் பிழையைத் தானே திருத்திவிடும், இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடிக்க மட்டுமே முடியும். திருத்த முடியாத பிழை வந்தால் சிபியு மெஷின் செக் என்ற ஹார்டுவேர் பிழை அறிவிப்பை எழுப்பி, மெஷின் விழும். ராஸ்டீமன் என்ற புரோகிராமைப் போட்டு வைத்தால் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனியாகக் கிடைக்கும். ஒரே ஸ்லாட்டில் ஏறிக்கொண்டே போனால், ரேமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பிழை ரேமோடு போனால் ரேம், ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டு அல்லது சிபியு. ஈசிசி இல்லாத ரேம் என்றால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுவதும் ஓட விடுவதுதான் வழி.

சூட்டைப் பற்றி எல்லாரும் முதலில் கேட்பார்கள். அதிக வெப்பத்தில் சிபியு முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேல் போனால் மெஷின் அணையும். அணைந்தது பெரும்பாலும் தானாக எழுந்து வராது. உங்களுடையது எழுந்து வருகிறது, ஆகவே சூடு என் பட்டியலில் கீழேதான் இருக்கிறது. ஃபேனில் தூசி இருந்தால் துடைத்துவிடுங்கள், அவ்வளவு போதும்.

கெர்னல் பிழையும் இருக்கலாம். 2.6.32 காலத்து லினக்ஸ் கெர்னல்களில் தொடர்ந்து 208 நாளுக்கு மேல் ஓடினால் நேரக் கணக்கு நிரம்பி வழிந்து மெஷின் விழும் பிழை ஒன்று இருந்தது. அந்த மாதிரிப் பிழை நாள் கணக்காக ஓடிய பிறகுதான் வரும், வாரத்துக்கு இரண்டு முறை வராது.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான். விண்டோஸின் லாக்கைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 1074 என்ற எண்ணில் பதிவு இருந்தால் யாரோ சொல்லி நடந்தது, யார் என்ற பெயரும் இருக்கும். 6008, 41 இரண்டும் எதிர்பாராமல் விழுந்ததைச் சொல்கின்றன. 41க்குள் பக்செக் கோட் என்ற பிழை எண் பூஜ்யமாக இருந்தால் கரண்ட் போயிருக்கலாம் அல்லது மெஷின் உறைந்து யாராவது ரீசெட் அழுத்தியிருக்கலாம். வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது, அப்போது விண்டோஸ் எழுதி வைக்கும் மினிடம்ப் ஃபைலைப் பார்க்க வேண்டும். 41 என்ற எண்ணே நோயின் பெயர் என்று நினைத்து அதற்கு மருந்து தேடுபவர்கள் நிறைய. அது விழுந்த செய்தி மட்டுமே.

ஒன்றைச் சரிசெய்த பிறகு எத்தனை நாள் காத்திருப்பது? உங்கள் நோட்டில் இரண்டு ரீஸ்டார்ட்டுக்கு நடுவே இருக்கும் மிக நீண்ட இடைவெளியை எடுங்கள். அது 9 நாள் என்றால், குறைந்தது 27 நாள் விழாமல் ஓட வேண்டும். அதுவரை வேறு எதையும் மாற்றாதீர்கள், பவர் சைக்கிள் எண்ணை மட்டும் வாரம் ஒருமுறை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.